தொண்டில் பழகிய கை

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு "தொண்டும் தலைமைத்துவமும்" என்ற பொருளில் ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வரலாறு படித்தவள் அல்லள். எங்கள் தொழிலில் வரலாறு என்றால் நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வது. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, குடும்பத்தில் வேறு எவருக்கும் உண்டா என்று கேட்போம். அந்தப் பழக்கத்தை நம்பியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தொண்டு செய்தால் தலைமைத்துவம் வளரும் என்று பரிசளிப்பு விழா மேடைகளில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எப்படி வளர்கிறது, எந்த ஆற்றல் வளர்கிறது என்று எவரும் விளக்கியதாக எனக்கு நினைவில்லை. அதனால் நான் என் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கொப்பியின் கதை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். நான் அப்போது மருத்துவபீட மாணவி. விடுமுறைக்குத் தம்பிலுவிலுக்கு வந்திருந்தேன். அன்று காலை கடல் செய்ததை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நம்மவரில் இழப்பைக் காணாத குடும்பம் குறைவு. நாடு முழுவதும் மாண்டோர் முப்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர்.

பிற்பகலுக்குள் கடலிலிருந்து தள்ளியிருந்த பாடசாலை ஒன்று சனத்தால் நிரம்பிவிட்டது. நான் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குளிசைகூட இல்லாமல், வகுப்பறைக்கு வகுப்பறை ஓடிக்கொண்டிருந்தேன். என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை; எமது கல்லூரியின் பழைய மாணவி. அவர் எங்கிருந்தோ ஒரு எண்பது பக்கக் கொப்பியைத் தேடி எடுத்து, வாசலில் ஒரு வாங்கைப் போட்டு இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "ஓடாத மகள். முதல்ல பேரை எழுது" என்றார்.

அந்தக் கொப்பியை இப்போதும் பார்த்தது போல் சொல்வேன். குடும்பத்தில் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, யார் கர்ப்பிணி, யார் பால் கொடுக்கும் தாய், யாருக்குப் பிரஷர், யாருக்குச் சீனி வருத்தம், யாரைக் காணவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு வரிசை வைத்திருந்தார். பொழுதுபட்டபோது பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்து சோற்றுப் பார்சல்கள் வந்தன. பார்சல் குறைவு, ஆட்கள் அதிகம். கொப்பியைப் பார்த்துப் பெயர் வாசித்தார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு முதலில் கொடுத்தார்கள். ஒரு சத்தமும் எழவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வரிசையை மீறி வந்தபோது பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் திரும்பிப் போய்ப் பின்னால் நின்றார்.

அன்றிரவு வழியில் அகப்பட்டுக்கொண்ட ஒரு முஸ்லிம் குடும்பமும் அங்கே தங்கியது. 1985இலும் 1990இலும் நம் இரு சமூகங்களுக்கும் இடையில் நடந்தவை அப்போது மறந்துபோயிருக்கவில்லை. கொப்பிக்கு உதவியாக நின்ற பெடியன் மெல்லக் கேட்டான்: "அவங்களையும் எழுதுறதா?" பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏன், அவங்களுக்குப் பசிக்காதா?" என்றார். பெயர் எழுதப்பட்டது.

சில நாட்களில் சுகாதாரத் துறையினர் வந்து கேட்ட முதற் கேள்விகளுக்கு விடை அந்தக் கொப்பியில் இருந்தது. எந்தத் தாய்க்கு எப்போது பிரசவம், எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி, எந்தக் கிணறு உப்பாகிவிட்டது என்று எல்லாம் அதில் இருந்தன. தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு குழு, மலசலகூடம் வெட்ட ஒரு குழு, குளோரீன் போட ஒரு குழு என்று பிரித்தார்கள். உலகமே அஞ்சிக்கொண்டிருந்த கொள்ளைநோய் இலங்கையின் முகாம்களில் பரவவில்லை. அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல மருத்துவ மாதர்களும் பெரும் காரணம். இப்படிப்பட்ட கொப்பிகளும் ஒரு காரணம் என்பதை ஒரு வைத்தியராக இன்று நான் சொல்ல முடியும்.

இதையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று பின்னொரு நாள் பெரியம்மாவிடம் கேட்டேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைப் புரட்டிப்போட்ட சூறாவளியின்போது கல்முனைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்ததாகவும், அப்போதும் பாடசாலையில் சனம் இருந்ததாகவும் சொன்னார். அதற்கு முன்? சிரித்தார். "ஹொஸ்டல்ல கிழமைக்கு ஒருத்தி அரிசி அளந்து குடுக்கோணும். குறைஞ்சா பிள்ளையள் சும்மா விடுவாளுகளா?" அதோடு பெண் சாரணியத்தில் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்ததையும் சொன்னார். 1917 மார்ச்சில் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் தொடங்கிய சாரணியம், நம் நாட்டுப் பெண்பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்கு வெளியே கிடைத்த முதற் பொறுப்பு என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

என் கேள்விக்கு ஒரு விடை இதில் இருந்தது. எண்ணிப் பார்ப்பது, பங்கிடுவது, உறவுக்காரருக்கும் இல்லை என்று சொல்வது, கணக்குக் காட்டுவது, வேலை முடிந்ததும் அடுத்தவர் கையில் ஒப்படைப்பது ஆகிய ஐந்தையும் பெரியம்மா சம்பளம் இல்லாமல், பரீட்சை இல்லாமல் தொண்டில் பழகினார். ஒரு பிரதேச சபைத் தவிசாளருக்கும் ஓர் அமைச்சருக்கும் வேண்டியதும் இவையே.

ஒரு வைத்தியரின் நீண்ட பாதை

இப்படித் தொண்டில் பழகிப் பொதுப்பணிக்கு வந்த பெண்கள் நம் நாட்டு வரலாற்றில் யார் என்று தேடினால், முதலில் நிற்பவர் என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் ரொறன்ரோவில் படித்து வைத்தியரானார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1896இல் இலங்கைக்கு வந்தார். இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. ரட்ணத்தை அவர் மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. மிஷன் வேலை போயிற்று. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிய பின் தனியாக வைத்தியம் பார்த்தார். நம்மவர் அவரை வைத்தியர் மேரி ரட்ணம் என்றே அறிவர்.

கொழும்பில் அவரிடம் வந்த பெண்களுக்குச் சுகாதார அறிவு இல்லை என்பதைவிட, ஒன்றாக இருந்து பேச ஓர் இடமே இல்லை என்பதைத்தான் அவர் முதலில் கவனித்திருக்க வேண்டும். அவருடைய முயற்சிகள் எல்லாம் சங்கங்களாகவே இருந்தன. 1904இல் இலங்கை மாதர் ஒன்றியம் ஒன்றை அமைத்தார். 1909இல் தமிழ் மாதர் சங்கம் தோன்றியபோது அதன் தொடக்கத்தில் நின்றார். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்களை எழுதினார். 1930களின் தொடக்கத்தில் லங்கா மஹிலா சமித்தியைத் தொடங்கினார்.

மஹிலா சமித்தியின் மாதிரி அவருடைய சொந்த மாகாணத்திலிருந்து வந்தது. ஒன்ராறியோவில் 1897இல் கிராமத்துப் பெண்கள் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்ற அடிலெய்ட் ஹூட்லெஸ் தம் குழந்தையைக் கெட்ட பாலால் இழந்தவர் என்று சொல்வார்கள். அறியாமையால் இன்னொரு குழந்தை சாகக்கூடாது என்பதே கழகத்தின் நோக்கம். மேரி ரட்ணம் அதை இலங்கைக் கிராமத்துக்கு ஏற்ப மாற்றினார். வீட்டுத்தோட்டம், மலசலகூடம், குழந்தை உணவு, கைப்பணி என்று வெளியே தெரிந்த வேலைகள் பல. அவற்றோடு வெளியே அதிகம் தெரியாத ஒன்றும் நடந்தது. கிராமத்துப் பெண் ஒருத்தி தலைவியானாள், ஒருத்தி செயலாளரானாள், ஒருத்தி பணத்துக்குப் பொறுப்பானாள். கூட்டம் கூட்டவும், குறிப்பு எழுதவும், வேறுபட்ட கருத்தைக் கேட்டு முடிவெடுக்கவும் அவர்கள் பழகினார்கள். கோழி வளர்க்கவும் கூடை பின்னவும் கூடிய இடத்தில் சபை நடத்தக் கற்றுக்கொண்டார்கள்.

1937இல், தம் 64ஆவது வயதில், மேரி ரட்ணம் பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தெரிவான முதற் பெண் அவர். நுட்பக் காரணம் ஒன்றைக் காட்டி அடுத்த ஆண்டே அவரை நீக்கினார்கள். அவர் ஓயவில்லை. 1958இல் பொதுச்சேவைக்கான ரமோன் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1962இல் மறைந்தார். பதவியில் இருந்தது ஏறக்குறைய ஓராண்டு; தொண்டில் இருந்தது அறுபது ஆண்டுகளுக்கு மேல்.

"அவர்களும் பெண்கள்தானே"

1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கேட்க மாதர் வாக்குரிமைச் சங்கம் உருவானது. மேரி ரட்ணமும் அதில் இருந்தார். செயலாளர் எக்னஸ் டி சில்வா. அவர்கள் வீட்டிலிருந்து நேரே ஆணைக்குழுவின் முன் போய் நின்றவர்கள் அல்லர். பல ஆண்டுகள் சங்கங்களில் பேசியும் கணக்கு வைத்தும் பழகியவர்கள். அதனால் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தது.

அங்கே கேட்கப்பட்ட ஒரு கேள்வி எனக்கு மிக முக்கியமானது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று ஆணைக்குழு வினவியது. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் எக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். படித்த, வசதியுள்ள, பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண், தம் பட்டியலில் தோட்டத் தொழிலாளியின் பெயரையும் எழுதினார். அந்தப் பதிலைப் படித்தபோது எனக்குப் பாடசாலை வாசலில் பெரியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

1931இல் 21 வயதான பெண்களும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஒரு தமிழ்ப் பெண் நாட்டின் சட்டமன்றத்தில் அமர்ந்தது அப்போதுதான்.

பருப்பு மகத்தயா

பெண்களுக்கு மட்டும் உரிய பாடம் இது அல்ல என்பதற்கு 1934-35 மலேரியா சான்று. என் போன்றவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் கொள்ளைநோய். மழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஓடாத தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. நுளம்பு அந்தக் குட்டைகளில் பெருகிற்று. முன்னர் மலேரியாவை அதிகம் அறியாத கேகாலை போன்ற பகுதிகளில் மக்களின் உடலில் எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்களும் யுவதிகளும் மருந்தும் உணவும் சுமந்து அந்தக் கிராமங்களுக்குப் போனார்கள். அவர்களுள் ஒருவர் இலண்டனில் படித்துத் திரும்பியிருந்த என். எம். பெரேரா. காய்ச்சலால் எழும்ப முடியாதிருந்த சனத்துக்குப் பருப்புக் கொண்டுபோனதால் "பருப்பு மகத்தயா" என்ற பெயர் அவருக்கு வந்தது. 1935 டிசம்பரில் அந்தக் குழுவினர் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். 1936 தேர்தலில் ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். பின்னர் கொழும்பு மாநகர முதல்வராகவும் நிதி அமைச்சராகவும் இருந்தார். அவருடைய பொருளாதாரக் கல்வி இலண்டனில் கிடைத்தது. ஒரு கிராமத்து வீட்டில் எத்தனை வாய்களுக்கு எவ்வளவு பருப்பு வேண்டும் என்ற கணக்கை அவர் கேகாலையில்தான் படித்தார்.

திறமை வந்தும் விடுபட்ட பெயர்கள்

லங்கா மஹிலா சமித்தியில் 1941இல் ஓர் இளம் மனைவி சேர்ந்தார். அடுத்த ஆண்டுகளில் அதன் பொருளாளர், உபதலைவர், தலைவர் என்று பல பொறுப்புகளை வகித்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களின் பேச்சைக் கேட்டார். 1959 செப்டெம்பரில் அவருடைய கணவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1960 ஜூலையில் அவர் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமர் என்பதை நாம் பொது அறிவுப் போட்டிக்காக மனனம் செய்தோம். அடுக்களையிலிருந்து நேரே நாற்காலிக்கு வந்தார் என்று அன்று சிலர் ஏளனம் செய்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டு கூட்டம் நடத்திய பழக்கம் அவருக்கு இருந்தது என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

ஆனால் தமிழ் பேசும் நாம் இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்துவிட முடியாது. 1961 பெப்ரவரியில் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. பெண்களும் வந்து அமர்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்தன. 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் எண்ணிக்கைகளாகப் பிரிக்கப்பட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. அந்தப் பெண்களிடம் எவரும் போய்க் கேட்கவில்லை. 1927இல் எக்னஸ் டி சில்வா சேர்த்துக்கொண்ட பெயர்கள் 1948, 1949 சட்டங்களால் அழிந்து, 1964இல் வெறும் தொகையாயின.

இதை ஒருவரைக் குறைகூற எழுதவில்லை. தொண்டு திறமையைக் கொடுக்கும். நீதியைத் தானாகக் கொடுக்காது என்பதற்காக எழுதுகிறேன். எந்தக் கிராமங்களுக்குள் போய் இருந்து பழகினோமோ அந்தக் கிராமங்களின் முகங்கள்தான் பதவிக்கு வந்த பின் கண்முன் நிற்கும். போகாத கிராமம் கடுதாசியில் ஓர் எண்தான். ஆகவே தொண்டுக்குப் போகும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியது எத்தனை மணித்தியாலம் செய்தாய் என்பதை அல்ல. யாருடைய பெயர் உன் பட்டியலில் விடுபட்டிருக்கிறது என்பதை.

நமது கரையின் வாசல்கள்

நமது கரைக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியில் வருகிறது என்பதை வெளியூர்த் தோழியருக்காகச் சொல்கிறேன். பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மருமகன் அந்த வீட்டுக்கு வருவான். குடி பெண்ணால் தொடர்ந்தாலும், குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராக இருப்பவர் ஆண். பள்ளிவாசலில் மரைக்காராக இருப்பவரும் ஆண். தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்திக்கு அம்மன் முன் கூடும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். நிர்வாகக் கூட்டத்துக்கு ஒருத்தியும் இல்லை என்பது நான் சிறுமியாக இருந்தபோது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

அரசியலுக்கும் இதே நிலைதான். பொத்துவில் தொகுதி உறுப்பினர் எம். கனகரத்தினம் 1980இல் மறைந்தபோது அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் அந்த இடத்துக்கு வந்தார். 2000 செப்டெம்பரில் எம். எச். எம். அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த பின், அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் அடுத்த மாதத் தேர்தலில் திகாமடுல்லவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார், அமைச்சரும் ஆனார். இருவருமே நம் கரைக்குப் பெருமை. எனினும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக, ஒரு பெண் உள்ளே போவதற்கு வீட்டில் ஒரு சாவு நடக்க வேண்டியிருந்தது. சிறிமாவோவும் அந்த வாசலால்தான் வந்தார். மேரி ரட்ணம் வந்த சங்க வாசல் நம் ஊர்களில் இன்னும் அரைக்கதவாகவே இருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? கொப்பியின் மீதிக் கதையைச் சொல்கிறேன். சில மாதங்களில் வீடுகளுக்கான குழு அமைந்தது. அதில் பெண் ஒருவரும் இல்லை. பெரியம்மாவின் கொப்பியைத்தான் வாங்கி வாசித்தார்கள். பெரியம்மா பின்வரிசைக் கதிரையில் இருந்தார். நானும் இருந்தேன், படித்த பெண் என்று என்னைப் பார்த்து ஒருவர் தலையசைத்தார், நான் வாய் திறக்கவில்லை. புதிய வீட்டுக்கு உறுதி யார் பெயரில் என்ற பேச்சு வந்தபோது "குடும்பத் தலைவர்" என்ற சொல் வந்தது. குடும்பத் தலைவர் என்றால் கணவர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சீதன வீடு கடலோடு போன பெண்கள் பலருக்கு, இந்தக் கரையின் பல ஊர்களில், மாற்று வீடு கணவன் பெயரில் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போன உரிமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறியது. எவரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. கேட்பதற்கு அந்த மேசையில் ஒருத்தி இருக்கவில்லை. பசித்த நாளில் எல்லோருடைய பெயரையும் எழுதிய கொப்பி, வீடு கொடுத்த நாளில் பெண்களின் பெயரைக் காப்பாற்றவில்லை.

அன்று நான் பேசாமல் இருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது. மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படித்தேன். கூட்டத்தில் கையுயர்த்தி "ஒரு கேள்வி" என்று சொல்லப் படிக்கவில்லை. பெரியம்மாவுக்கு அரிசி அளக்கக் கற்றுத்தந்த காலம், சபையில் எழும்பிப் பேச அவருக்கும் கற்றுத்தரவில்லை. தொண்டில் இரு பாதிகள் உண்டு. கையால் செய்வது ஒன்று. செய்ததை வைத்துச் சபையில் பேசுவது மற்றது. நம் பெண்களுக்கு முதற் பாதியைத் தாராளமாகக் கொடுத்தார்கள். இரண்டாம் பாதியை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் சங்கம்

காலம் இப்போது ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு என்று 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதித்தது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை 2 வீதத்தைச் சுற்றியே இருந்த பெண் உறுப்பினர் தொகை, ஒரே தேர்தலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. அப்போது கட்சிக்காரர் பலர் சொன்னது: "பெண்கள் கிடைக்கிறார்கள் இல்லை." பட்டியலை நிரப்ப மனைவியையும் மச்சாளையும் தேடினார்கள். அதே ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பத்து வருடம் கணக்கு வைத்தவளும், மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா சேர்ப்பவளும், முன்பள்ளியை இழுத்து நடத்துபவளும் இருந்தார்கள். சில இடங்களில் அவர்களைக் கண்டுகொண்டார்கள். கண்டுகொண்ட இடங்களில் வாய்க்காலும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் பற்றிப் பேச ஆள் கிடைத்தது.

நூறு வயதான நம் சங்கம் இதில் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு வைத்தியர் எழுதும் சீட்டுப்போல மூன்று மருந்துகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கல்லூரியில் நடக்கும் ஒவ்வொரு சிரமதானத்துக்கும், இரத்ததான முகாமுக்கும், வெள்ள நிவாரணச் சேகரிப்புக்கும் கணக்கையும் அறிக்கையையும் மாணவிகளே எழுதட்டும். எழுதியதை மேடையில் அவர்களே வாசிக்கட்டும். கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும். பிழை வந்தால் வரட்டும். பதினைந்து வயதில் வரும் பிழை மலிவானது.

இரண்டாவது, ஒரு வேலையாவது பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு சேர்ந்து நடக்கட்டும். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் ஊரின் கிணற்றடிக்கும், முஸ்லிம் பிள்ளை தமிழ் ஊரின் கிணற்றடிக்கும் போய் வரட்டும். நாளை அவர்களில் ஒருத்தி பிரதேச சபையில் தண்ணீர்க் குழாய் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பாள். அப்போது மற்ற ஊர் அவளுக்கு ஓர் எண்ணாகத் தெரியாமல், தாகத்துக்குத் தண்ணீர் தந்த ஒரு வீட்டு வாசலாகத் தெரியட்டும்.

மூன்றாவது, கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போர்னிலும் இருக்கும் நம் சகோதரிகளுக்கு. நீங்கள் அனுப்பும் பணத்தால் கட்டடம் எழும்புகிறது, நன்றி. அடுத்த முறை விடுமுறையில் வரும்போது ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு இருந்து, ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது, எதிர்க்கருத்தை எப்படி மரியாதையோடு சொல்வது, பாதீட்டை எப்படி வாசிப்பது என்று பழக்கிவிட்டுப் போங்கள். கட்டடத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

பெரியம்மாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் கட்டுரை எழுதுவதற்காக அந்தக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டுக் குழுவினர் திருப்பித் தரவில்லையாம். ஆனால் இன்னொரு கொப்பியை எடுத்துக் காட்டினார். தெருவில் உள்ள முதியவர்களின் பெயர்கள், அவர்கள் கிளினிக்குக்குப் போக வேண்டிய திகதிகள், யாரைக் கூட்டிப்போக ஆள் இல்லை என்ற குறிப்புகள் அதில் இருந்தன. முதற் பக்கத்தில் முதலாவதாகத் தம் பெயரையே எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "நானும் போகோணும்தானே மகள். மற்ற ஆக்களை எழுதுற ஆள் தன்னை விட்டிரப்படாது" என்றார்.

நூறு ஆண்டுகளாகப் பிறர் பெயரை எழுதிவந்த கைகள் நம்முடையவை. எவர் பெயரும் விடுபடாமல் எழுதப் பழகுவோம். நம் பெயரையும் அதில் எழுதுவோம். எமது கல்லூரியும் சங்கமும் இன்னும் பல தலைமுறைப் பெண்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்து வாழ வேண்டும்.